ஆயில் குறைந்தால் படகு இறங்கக் கூடாது

ஸ்டீயரிங்கில் ஆயில் குறைந்த மோட்டார் படகை, ஊற்றி நிரப்பிவிட்டு அடுத்த சவாரிக்கு அனுப்பாதீர்கள். கோவை வாலாங்குளமானாலும் ஆழியாறானாலும், மலைமேல் உதகை ஏரியானாலும் பைக்காராவானாலும், விடுமுறை நாளில் ஆட்கள் வரிசை கட்டி நிற்கும் எந்தத் துறையிலும் இது ஒன்றே முதல் விதியாக இருக்கட்டும். "வீல் கொஞ்சம் லூசா இருக்குதுங்கண்ணா" என்று ஓட்டுகிற தம்பி சொன்ன அந்த நொடியே படகு கரையில் நிற்க வேண்டும். "ஊத்திட்டு ஓட்டு, சாயங்காலம் பாத்துக்கலாம்" என்ற பதில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது.

இந்தப் பதில் நமக்கு எங்கிருந்து பழகியது என்று எனக்குத் தெரியும். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரித் தொழிலோடு வளர்ந்தவர்கள் நாம். லாரியில் பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகினால் வீல் கல்லாகக் கனக்கும். ஆனாலும் டிராப் ஆர்ம், டிராக் லிங்க் என்று இரும்பு இரும்போடு கோத்திருப்பதால், பல்லைக் கடித்துத் திருப்பினால் சக்கரம் திரும்பிவிடும். அதுவும் ஆபத்துதான். இருந்தாலும் ஓரங்கட்ட வழியிருக்கிறது, மிதிக்க பிரேக் இருக்கிறது.

படகில் அந்த இரும்பே கிடையாது. சின்னப் படகுகள் சிலவற்றில் கேபிள் இருக்கும். பெரிய அவுட்போர்டு எஞ்சின் மாட்டிய விரைவுப் படகுகளில் வீலுக்குப் பின்னால் ஒரு சிறு பம்ப், அங்கிருந்து இரண்டு ஓஸ், எஞ்சின் பக்கம் ஒரு சிலிண்டர், அவ்வளவுதான். வீலைத் திருப்பினால் ஒரு ஓஸ் வழியாக ஆயில் போய் சிலிண்டரைத் தள்ளுகிறது, மற்றதன் வழியாகத் திரும்புகிறது. உங்கள் கைக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருப்பது அந்த ஆயில் மட்டுமே. அது போய்விட்டால் வீல் சும்மா சுற்றும், படகு தன் போக்கில் போகும். பிரேக்கும் இல்லை. அப்படி நேர்ந்துவிட்டால் முதல் வேலை திராட்டிலைக் குறைத்து நியூட்ரலுக்குக் கொண்டுவருவது. ஆட்களை எழ விடாமல் உட்கார வைத்து, இன்னொரு படகைக் கூப்பிடுங்கள்.

பம்ப் செய்து உலகுக்கு அனுப்பும் கோவைக்காரர்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புட்வால்வு கசிந்து ஏர் பிடித்த மோட்டார் எப்படி இரைந்துகொண்டே தண்ணீர் தராமல் ஓடுமோ, அப்படித்தான் ஆயிலில் காற்று கலந்த ஸ்டீயரிங்கும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். ஆகவே கடைசிவரை திருப்பிய வீல் பஞ்சுபோல அமுங்கித் திரும்ப எகிறினால் காற்று என்று சந்தேகப்படுங்கள். எகிறாமல் மெல்ல மெல்ல வழுக்கிக்கொண்டே போனால் உள்ளே வால்வோ சீலோ விட்டுக்கொடுக்கிறது. நேற்றைவிட இன்று ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அதிகச் சுற்று தேவைப்படுகிறதா? அது சின்ன விஷயமே அல்ல.

அடைபட்ட அமைப்பில் ஆயில் தானாகக் குறையாது. குறைந்திருந்தால் எங்கோ வெளியே போயிருக்கிறது. வெள்ளைத் துணியால் எல்லா இணைப்புகளையும் துடைத்து, வீலை இரு கோடிக்கும் இறுக்கித் திருப்பிவிட்டுப் பாருங்கள். வீல் தண்டின் சீல், ஓஸ் முனைகள், சிலிண்டர் ராடு வெளிவரும் இரண்டு பக்கமும் பாருங்கள். ராடில் கீறலோ துருப்புள்ளியோ இருந்தால் புது சீலையும் அது அறுத்துவிடும். எஞ்சினைத் தூக்கி இறக்கும்போது ஓஸ் எங்காவது நசுங்குகிறதா என்றும் கவனியுங்கள். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும்.

கையில் கிடைத்ததை ஊற்றாதீர்கள். பிரேக் ஆயிலை ஊற்றவே ஊற்றாதீர்கள், அது சீல்களைக் கெடுத்துவிடும். தயாரிப்பாளர் புத்தகத்தில் எந்த ஆயில் என்று போட்டிருக்கிறதோ அதுதான். குழாய் வேலை பார்த்த பழக்கத்தில் மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றுவதும் வேண்டாம். அதன் துணுக்கு ஒன்று உள்ளே போய் வால்வில் உட்கார்ந்தால் போதும்.

வீல் இறுகினால் பலம் காட்டாதீர்கள். சிலிண்டரை எஞ்சினிலிருந்து கழற்றி, எஞ்சினைக் கையால் திருப்பிப் பாருங்கள். லேசாகத் திரும்பினால் கோளாறு ஆயில் வழியில். திரும்பாவிட்டால் எஞ்சின் சுழலும் இடத்தில் கிரீஸ் காய்ந்திருக்கிறது. இதைப் பிரித்தறியாமல் ஆயிலை மாற்றிக்கொண்டிருப்பது வீண்.

காற்றை எடுக்கும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வீலில், ஒருவர் சிலிண்டரின் பிளீடரில். தெளிந்த குழாய் மாட்டி, புத்தகம் சொல்லும் வரிசையில், குமிழி ஒன்றுகூட வராமல் ஆயில் ஓடும்வரை பொறுமையாகச் செய்யுங்கள். மேலே ஆயில் தீர்ந்து மறுபடி காற்றை உறிஞ்ச விட்டால் எல்லாம் முதலிலிருந்து. பிடித்த நுரை ஆயிலை அப்படியே திரும்ப ஊற்றாதீர்கள்.

பிறகு சோதனை ஓட்டம். இங்கேதான் மும்பையை நினைக்கச் சொல்கிறேன். 2024 டிசம்பர் 18 அன்று எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படையின் விரைவுப் படகு ஒன்று கட்டுப்பாடு இழந்து, கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிபெண்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த 'நீல்கமல்' பயணிகள் படகில் மோதியது. 15 பேர் இறந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் ஓட்டிய படகுக்கே அது நேர்ந்தது. வேலை பார்த்த படகை மற்றப் படகுகள் சுற்றுகிற நீரில் சோதிக்காதீர்கள். காலையில், துறை திறக்கும் முன், பயணி ஒருவரும் இல்லாமல், முதலில் மெதுவாக ஓட்டுங்கள். சோதிப்பவரும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். கில் சுவிட்சின் கயிறு அவர் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும்.

துறையை நடத்துகிறவர்களே, உங்களுக்கும் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் ஓட்டுநரின் ஒரு நாள் கூலியைப் பிடிக்காதீர்கள். கூலி போகும் என்று பயந்தால் நாளைக்கு அவர் வாய் திறக்க மாட்டார், அந்த மௌனத்தில் ஏறி உட்காருவது யாரோ ஒருவரின் குழந்தை. படகுக்கு ஒரு நோட்டு வையுங்கள்: காலையில் ஆயில் மட்டம் எவ்வளவு, வீல் எத்தனை சுற்று, எங்கே ஈரம், யார் பார்த்தது. கையெழுத்து இல்லாத படகுக்கு டிக்கெட் கிழிக்காதீர்கள். கிழித்துவிட்டீர்களென்றால், வரிசையில் நிற்பவர்களிடம் காரணத்தை உள்ளபடி சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.