கேட்காததையும் சொல்லணுமா?



நீதிமொழிகள் 20-ஆம் அதிகாரம் 14-ஆம் வசனத்தை ஒருமுறை திறந்து வாசித்துவிட்டு இந்தச் செய்திக்கு வாருங்கள். சாலொமோன் அங்கே ஒரு கடைத்தெருவையே கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார். வாங்க வந்தவன் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். உதட்டைப் பிதுக்குகிறான். "இதுக்கா இவ்வளவு?" என்கிறான். விலை இறங்கினதும் வாங்கிக்கொண்டு, தெருமுனை திரும்பினவுடனே தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்ளுகிறான். ஏறக்குறைய மூவாயிரம் வருஷத்துக் காரியம், நேற்று நம்ம ஊர்ச் சந்தையில் நடந்ததுபோல இருக்கிறது!

அது வாங்குகிறவனுடைய காரியம். விற்கிறவனுடைய காரியம் என்ன? இதைக் கர்த்தர் ஒரு பொம்மைக் காரைக் கொண்டு எனக்கு உணர்த்தினார். பொம்மைக் கார் என்றதும் சிரிக்காதிருங்கள்.

நம்முடைய சபைச் சகோதரர் ஒருவர் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபின் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்து நின்றார். (அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) அவருடைய தகப்பனார் சிங்கப்பூரில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தவர். அந்த வீட்டுப் பையன் மேல்படிப்புக்குப் போனபோது தன் ரிமோட் காரை அவரிடம் கொடுத்துவிட்டான். 1986-ல் அது நம்ம ஊருக்கு வந்தது. ஜப்பான் தேசத்தில் ஷிசுவோகா பட்டணத்திலுள்ள டாமியா கம்பெனி 1979-ல் வெளியிட்ட 'சாண்ட் ஸ்கார்ச்சர்' என்கிற கார் அது. ஃபோக்ஸ்வேகன் வண்டுக் காரைப் பாலைவன ஓட்டத்துக்கென்று மாற்றினால் எப்படியிருக்குமோ, அதன் பத்தில் ஒரு பங்கு அளவு. கடையில் ஓடுகிற காராக அது வராது. பெட்டி நிறையப் பாகங்களாக வரும். வாங்கினவனே உட்கார்ந்து திருகு முடுக்கி, பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

இன்றைக்கு இதற்கு என்ன மவுசு என்கிறீர்களா? அன்றைக்குக் கடை ஜன்னலில் பார்த்து ஏங்கின பையன்கள் இன்று ஐம்பது வயது தாண்டினவர்கள். கையில் காசு இருக்கிறது, ஏக்கமும் அப்படியே இருக்கிறது. கம்பெனியும் சும்மா இருக்கவில்லை, 2010-ல் அதே காரை மறுபடியும் வெளியிட்டது. ஆகவே புதுசும் உண்டு, பழசும் உண்டு. பழசுக்குக் கிடைக்கிற விலை அது ஓடுகிற வேகத்துக்கு அல்ல. அதைவிட வேகமாய் ஓடுகிற கார்கள் எத்தனையோ வந்துவிட்டன. அது அந்த 1979-ஆம் வருஷத்து வரிசையில் வந்த அசல்தானா என்பதற்குத்தான் விலை.

நம்முடைய சகோதரரின் பெட்டிக்குள் இருந்த சிக்கல் அதுதான். அடியில் இருந்த சட்டம், அலுமினியத்தில் வார்த்த முன்பக்கக் கைகள், மோட்டார் எல்லாம் பழைய அசல். ஆனால் 2012-ல் வீட்டுப் பிள்ளைகள் ஓட்டிச் சுவரில் மோதி மேல்கூடு நொறுங்கிப்போயிற்று. சிங்கப்பூரிலிருந்த சித்தப்பா மகன் மறுவெளியீட்டின் மேல்கூட்டையும் நாலு டயரையும் அனுப்பிவைத்தார். இவர் கைத்திறமையுள்ளவர். பழையதைப் போலவே பெயின்ட் அடித்து மாட்டிவிட்டார். ஜன்னலோரம் பல வருஷம் வெயில் பட்டு அந்த நிறமும் மங்கிவிட்டது. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே வயசாகத் தெரியும்.

பெங்களூரில் இப்படிப்பட்ட கார்களைச் சேர்க்கிற ஒருவர் படங்களைப் பார்த்து, 40,000 ரூபாய் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். மகளுடைய நர்சிங் ஃபீஸ் கட்டப் பத்து நாள்தான் இருந்தது.

"ஐயா, அவர் ஒண்ணும் கேக்கல. நானும் பொய் சொல்லல. கேட்டா உண்மையைச் சொல்லிடுவேன். கேக்காததைப் போய் நானா சொல்லணுமா?"

தேவபிள்ளையே, நீ என்ன பதில் சொல்லியிருப்பாய்?

அரிசி வாங்குகிறவன் நாலு மணியை வாயில் போட்டுப் பார்ப்பான். மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இந்தக் காரிலோ வாங்குகிறவன் எதற்குக் காசு கொடுக்கிறானோ அது கண்ணுக்குத் தெரியாது. அது விற்கிறவனுடைய வாயில் மாத்திரம் இருக்கிறது. அங்கே மவுனமாயிருப்பதும் ஒரு படிக்கல்தான், அதையும் தராசுத் தட்டில் வைத்தே நிறுக்கிறோம்.

யோசுவா 9-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கிபியோன் குடிகள் வந்த கோலம் என்ன? பழைய இரட்டுப் பைகள், கிழிந்து கட்டப்பட்ட துருத்திகள், ஒட்டுப்போட்ட பாதரட்சைகள், பூசணம் பூத்த அப்பம். அந்த அப்பம் மெய்யாகவே பூசணம் பூத்ததுதான்! ஆனாலும் அது சொன்ன கதை பொய். பழைய பொருள் விற்கிற இடங்களிலும் இந்த உபாயம் உண்டு. புதிய ஸ்டிக்கரைப் பழசாக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அட்டைப் பெட்டியைக்கூட நகல் எடுத்து மூலையைத் தேய்த்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்முடைய சகோதரர் அப்படிச் செய்தவர் அல்ல. வெயில்தான் செய்தது. ஆனால் வெயில் செய்ததை நான் காசாக்கினால், அந்த வெயில் எனக்குக் கூட்டாளியாகிவிடுகிறதே!

ஆதியாகமம் 23-க்கும் வாருங்கள். ஆபிரகாம் எப்பெரோனிடத்தில் மக்பேலா நிலத்தை வாங்கினபோது ஏத்தின் புத்திரர் பார்க்க, பட்டண வாசலில், 400 சேக்கல் வெள்ளி நிறுக்கப்பட்டது. பதினேழாம் வசனத்தில் நிலம், குகை, எல்லைக்குள்ளிருந்த மரங்கள் என்று ஒவ்வொன்றாய் எழுதியிருக்கிறது. சாராளை அடக்கம்பண்ண வந்த துக்கத்திலும் மரங்களைக்கூட விடவில்லை. நம்ம ஊர் பத்திர எழுத்தருக்கு இது நன்றாய்ப் புரியும்.

"ஐயா, 40,000 வந்தா தசமபாகம் 4,000 அப்படியே ஆலயத்துக்குக் கொடுத்துடுறேன்" என்றும் அவர் சொன்னார். பாவம், மகள் ஃபீஸுக்காகப் பேசினார். அந்த 4,000 நம்முடைய கட்டட நிதிக்கு வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன்.

வாங்குகிற பக்கத்தையும் சொல்லாமல் விடமாட்டேன். லேவியராகமம் 25:14 விற்கிறவனையும் வாங்குகிறவனையும் ஒரே மூச்சில் எச்சரிக்கிறது. பழைய பொருள் சேர்க்கிற வாலிபர்கள் நம்மிலும் உண்டு. ஒரு விதவைத் தாயார் பரணிலிருந்து புருஷனுடைய பெட்டியை இறக்குகிறார்கள். அதற்குள் இருப்பது என்னவென்று உனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. "அம்மா, இது ஓடாத வண்டி, ஐந்நூறு தர்றேன்" என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கைகளை உயர்த்தாதே, தம்பி.

சகோதரர் அன்று ராத்திரியே உட்கார்ந்து பெங்களூர்க்காரருக்கு எழுதினார். எழுதினதை எனக்குக் காட்டினார். மேல்கூடும் நாலு டயரும் 2010-க்குப் பிந்தினவை. முன் பம்பரில் ஒரு விரிசல், பசை போட்டது. தாமிரபரணி மணலில் நாலு வருஷம் ஓட்டினது, ஆகையால் பல்சக்கரத்தில் அரித்த சத்தம் உண்டு. கையில் பிடிக்கிற பெட்டியில் பேட்டரி கசிந்து ஸ்பிரிங்குகளில் பச்சை பூத்திருக்கிறது, ஆன்டெனா வளைந்திருக்கிறது. அடிப்பாகத்தையும் கூட்டின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் படமெடுத்துச் சேர்த்தார். பளபளப்பாய்க் கழுவி அனுப்பலாமா என்று கேட்டார். இருக்கிறபடியே இருக்கட்டும் என்றேன். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரியை மட்டும் கழற்றிவைக்கச் சொன்னேன். அதை மறுபடியும் சார்ஜ் போட்டுப் பார்ப்பதும் ஆபத்து, குப்பையில் எறிவதும் ஆபத்து. காட்மியம் விஷம். மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டு நாள் பதில் இல்லை. அவருடைய மனைவி என்னைப் பார்த்து, "உண்மை சொல்லியாச்சு ஐயா, சரி. ஃபீஸை யாரு கட்டுவா?" என்று கேட்டார்கள். அந்தச் சகோதரிக்கு வசனம் சொல்லி வாயடைக்க எனக்கு மனம் வரவில்லை. மூவருமாய் முழங்காலில் நின்றோம்.

மூன்றாம் நாள் போன் வந்தது. 24,000 தருகிறேன் என்றார். அதோடு இன்னொன்றும் கேட்டார்: நொறுங்கின பழைய கூடு இருக்கிறதா, இருந்தால் துண்டுகளாயிருந்தாலும் அதற்குத் தனியாய் விலை தருகிறேன் என்றார். பரண் முழுவதும் தேடினார்கள். போன கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்தபோது பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. எடைக்கு எடை ஒரு பிளாஸ்டிக் குவளைகூடத் தேறியிராது!

அவர் ரயிலில் வந்து, எழுதியிருந்ததைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்து, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். பேரம் பேசவில்லை.

இந்த இடத்தில் மறுநாளே யாரோ ஒருவர் 16,000 ரூபாயை உறையில் போட்டு அனுப்பினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சகோதரி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார்கள். மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. மீட்க வேண்டிய தவணை நெருங்குகிறது, சபையார் புதன்கிழமை வீட்டு ஜெபங்களில் இந்தக் குடும்பத்தை மறவாமல் நினைத்துக்கொள்ளுங்கள்.