பாலம் கட்டிய முதலியார்

ஓய்வான ஞாயிற்றுக்கிழமை ஒன்று வாய்த்துவிட்டால், பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியேறியிருக்கும் நம்மவர்களில் பலர், கனகபுரா, மளவள்ளி மார்க்கமாகச் சிவனசமுத்திரத்துக்குப் புறப்பட்டு, ககனசுக்கி, பரசுக்கி அருவிகளைக் கண்டு, படமும் எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். அருவியைப் பார்க்க வேண்டாமென்று சொல்லமாட்டேன். ஆனால், காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து அணைத்துக்கொள்ளும் அந்தத் தீவில், ஸ்ரீரங்கப்பட்டணத்து ஆதிரங்கனுக்கும் நம் திருவரங்கத்து அந்தியரங்கனுக்கும் நடுவே மத்தியரங்கன் பள்ளிகொண்டிருக்கும் அந்தப் புண்ணிய க்ஷேத்திரத்தில், வண்டியை நிறுத்திப் பார்ப்பாரில்லாமல் கிடக்கும் பழைய கற்பாலங்களையும் ஒரு நாழிகை பார்க்கலாமே என்பதுதான் என் விண்ணப்பம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தீவு முழுதும் காடு மண்டி, முன்னோர் அமைத்த பாலங்கள் சிதைந்து, ரங்கநாதரைச் சேவிக்க நினைத்த யாத்திரிகர் ஆற்றங்கரையிலேயே தயங்கி நிற்கவேண்டியிருந்த காலத்தில், மைசூர் ரெசிடெண்டிடம் நம்பிக்கைக்குரிய அலுவலராயிருந்த ராமசுவாமி முதலியார் என்னும் தமிழர், அப்பாலங்களைச் சீர்திருத்தும் பணியைத் தாமே மேற்கொண்டார். அரசாங்கம் மனமகிழ்ந்து அவருக்கு ஜாகீர் கிராமங்களையும், ‘ஜனோபகார காமகர்த்தா’ என்ற பட்டத்தையும் வழங்கியது. பாலங்களுக்கு மட்டும் துரைமார் பெயர்களே வாய்த்தன: 1832-இல் நிறைவெய்திய பாலம், சென்னை கவர்னர் லஷிங்டன் பெயரைப் பெற்றது, மற்றொன்றை இன்றும் வெஸ்லி பாலம் என்கிறார்கள். கட்டியவரை ஜாகீர்தாராக நினைவுகூர்வோர் உண்டு. பாலத்தில் நடந்தவர்களுள் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும்?

கரையோரமாக இறங்கி நின்று பார்த்தால் அந்தப் பாலங்களின் நிர்மாண முறை தெளிவாய்ப் புலப்படும். வளைவுகள் இல்லை, ஆற்றின் பாறைப் படுகையிலேயே செதுக்கிய கற்றூண்களை வரிசை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் கல் உத்தரங்களைக் கிடத்தி, அதற்கும் மேலே பாதை போட்டிருக்கிறார்கள். கோயில் மண்டபம் ஒன்றை நீட்டி ஆற்றின் குறுக்கே வைத்ததுபோன்ற இந்த வேலை, நம் ஸ்தபதிகளுக்குப் பழக்கமான சாஸ்திரந்தான். எத்தனையோ ஆடிப்பெருக்கைத் தாங்கி நின்ற வெஸ்லி பாலத்தின் ஒரு பகுதியை, 2018-ஆம் ஆண்டு வெள்ளம் கொண்டுபோய்விட்டது. போக்குவரத்து நெடுநாள் முன்பே புதிய பாலத்துக்கு மாறிவிட்டதால், பழையது இடிந்ததில் யாருடைய பிரயாணமும் தடைப்படவில்லை. பழுதுபார்க்க அவசரம் பிறக்காததற்கு அதுவே காரணமென்று நினைக்கிறேன்.

இதே தீவின் அருகில்தான், மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிட்ட நீர்மின் நிலையம், அவர் காலமான மறு ஆண்டு, 1902-இல், கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கிற்று. 1905-இல் பெங்களூரின் தெருவிளக்குகளும் அதனால் எரிந்தன. 1978-இல் உருவான நம் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு, ஒரு வகையில் மூதாதை அது.

போகிறவர்கள் பருவம் பார்த்துப் போகவேண்டும். ஆடி, ஆவணியில் அருவிக்குச் சிறப்பு. பாலத்தின் அடியைக் காண்பதற்குத் தையும் மாசியுமே உகந்தவை. அப்போது நீர் வடிந்து, தூண்கள் பாறையில் ஊன்றியிருக்கும் இடம் வெளிப்படையாகத் தெரியும்.