யாருக்குத் திறந்த வீடு?

ஆங்கிலேயர் தம் ஊர் மதுச்சாலையைப் ‘பப்’ என்பர். ‘பொது வீடு’ என்னும் பொருள் தரும் சொற்களின் சுருக்கமே அது. இலண்டன் மாநகரின் சதக் பகுதியில் ‘ஜார்ஜ்’ என்றொரு பழைய விடுதி உண்டு. 1676இல் அப்பகுதி தீக்கிரையானபின், மறு ஆண்டே எழுப்பப்பெற்ற கட்டடம் அது. அதன் அருகே முன்பிருந்த ‘டாபர்டு’ விடுதியில்தான் 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் தம் திருப்பயணிகளை ஒன்றுகூட்டுகிறார். அவர்கள் காண்டர்பரியிலிருந்த புனித தோமா பெக்கட்டின் கல்லறையை நாடிச் செல்பவர்கள். (சாந்தோமில் நாம் போற்றும் திருத்தூதரின் பெயரே அவருக்கும்!) படைவீரர், கன்னியர் மடத்துத் தலைவி, மாவரைப்பவர், உழவர் என யாவரும் ஒரே கூரையின்கீழ் உண்டு, குடித்து, மறுநாள் காலை புறப்படுகின்றனர். அக்கால ஆங்கிலப் பங்குகள் பலவற்றில், கோவிலைப் பழுதுபார்க்க வேண்டிய பணத்திற்காகப் பங்கு மக்களே தானிய மது காய்ச்சி விற்று விழா எடுத்தனர். மதுவிலக்கு மேடைகளில் முழங்கிப் பழகிய எனக்கு, இதைப் படித்தபோது சற்றே கசந்தது.

அந்நாட்டினர் சென்னைக்கு வந்தபோது அமைத்தது பொது வீடு அன்று. 1832இல் தோன்றிய மெட்ராஸ் கிளப், நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே இந்தியரை உறுப்பினராக ஏற்றது. அங்கே மேசை இருந்தது, நமக்குக் கதவில்லை. 2003 முதல் அரசே நடத்தும் மதுக்கடைகளிலோ கதவு எவருக்கும் திறந்திருக்கிறது. கம்பி இடுக்கில் பணத்தை நீட்டுபவனுக்கு அங்கே வீடில்லை. ஆங்கில நாட்டுப் பொது வீடுகளும் எத்தனையோ குடும்பங்களைக் குலைத்தவையே. இதை மறைப்பது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்குமுன் பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பங்களோடு மாமல்லபுரத்திற்கு ஒருநாள் உலா சென்றோம். மது கூடாதென்று முன்னரே அறிவித்திருந்தேன். பேருந்து புறப்படும் வேளையில் ஒருவர் குடித்துவிட்டு வந்து ஏறினார். அவர் எவரிடமும் வம்பு செய்யவில்லை. “இறங்குப்பா” என்றேன். இறங்கினார். பின்னாலேயே, புளிச்சோற்றுப் பொட்டலத்துடன் அவர் மனைவியும் இரு பிள்ளைகளும் இறங்கினர். “நீ வாம்மா” என்றேன். “இல்ல ஃபாதர், நீங்க போய்ட்டு வாங்க” என்றார் அவர். வழியில் பெண்கள் சிலர் என்னிடம் வந்து நன்றி கூறினர். கணவர் குடியால் அடிபட்டவர்கள் அவர்கள். அந்த நன்றியை நான் எளிதாய் எண்ணவில்லை.

விதி சரியானதே என்று இன்றும் கருதுகிறேன். ஆயினும் கொரிந்து நகர்ச் சபையைத் திருத்தூதர் பவுல் கடிந்துகொண்டதை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தப் பேருந்தின் படிக்கட்டில் போய் நிற்கிறது. ஆண்டவரின் விருந்தில் ஒருவர் பசித்திருக்க, மற்றவர் குடிவெறியில் இருந்தார் என்பதோடு அவருடைய சினம் அடங்கவில்லை. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்பதும் அவர் குற்றச்சாட்டு. கானாவூரில் ஆண்டவர் ஆறு கற்சாடித் தண்ணீரை இரசமாக்கியபோது, ஒரு குடும்பம் ஊரார்முன் தலைகுனியாமல் காக்கப்பட்டது. அன்று என் சொல்லால் ஒரு குடும்பம் ஊரார்முன் தலைகுனிந்தது. அவருடைய பழக்கம் எனக்குப் புதிதன்று. முந்தைய இரவே அவர் வீட்டுக்குச் சென்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்; அன்பியத்தாரில் இருவரை அவருடன் இருக்கச் செய்திருக்கலாம். ஒலிபெருக்கியில் அறிவிப்பது எனக்கு எளிதாக இருந்தது.

மறு ஆண்டு உலாவுக்கு அவர்கள் பெயர் கொடுக்கவில்லை. நானே வீடு தேடிச் சென்றேன். அந்தத் தாய் பாயை விரித்து, தேநீர் கொடுத்தார். அவர் கடலுக்குப் போயிருந்தார்.