சோற்றில் ஒரு வண்டு

உணவகத்துச் சோற்றில் ஒரு வண்டு கிடக்கக் கண்டவன் திடுக்கிடுகிறான், இலையை மடிக்கிறான், பரிமாறிய பையனைச் சுடுசொல்லால் சாடுகிறான். அருவருப்பு இயற்கையானதே. ஆனால், அருவருப்பே ஒருவரைக் குற்றவாளியாக்கப் போதுமா?

அரிசி வண்டு தானியமணியைத் துளைத்து முட்டையிடுகிறது. புழு மணிக்குள்ளேயே மறைந்து வளர்கிறது. வீட்டில் அதே அரிசியை முறத்திலிட்டுப் புடைத்து உலையேற்றும் தாய் எவரையும் வைவதில்லை. 1943இல் சயாம் மரண இரயில் பாதையில் உழன்ற மலாயாத் தோட்டத் தமிழர் புழு நெளிந்த அரிசியையே பொங்கி உண்டனர். அதனால் அவர்கள் இழிந்தாரில்லை. அதனை அளந்தவரே இழிந்தனர்.

2024 ஜூலையில் சிங்கப்பூர் 16 வகைப் பூச்சிகளை உணவாக ஏற்றது. வெட்டுக்கிளியும் பட்டுப்புழுவும் அவற்றுள் அடங்கும். கேட்டு வாங்கியவனுக்கு அது விருந்து, கேளாதவனுக்கோ ஏமாற்றம். (புலால் மறுத்தவன் துயரம் இதனினும் பெரிது.) ஆக, அவன் சினம் நம்பிக்கை முறிந்ததால் எழுவது; நியாயமானதுந்தான். அரிசியை ஆய்ந்தவர் யார், மூட்டை எத்தனை நாள் கிடந்தது என்று அவன் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் கல்லாவில் அமர்ந்திருக்கிறார். தலைகுனிந்து நிற்பவனோ தட்டேந்திய பையன்.