யார் தேர்ந்தெடுப்பது?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும், 'எந்தப் படிப்பில் சேர்ப்பது?' என்னும் கேள்வி நம் குமரி மாவட்டத்து இல்லங்களில் எழுகின்றது. விடை சொல்வோர் பலர்; மாணவரிடம் கேட்போர் சிலரே.

நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் பிறந்த கே. சிவன் பொறியியல் பயில விரும்பினார். உழவரான தந்தையோ, மகன் வயலிலும் உதவ வேண்டுமெனக் கருதி, அருகிலிருந்த தெ.தி. இந்துக் கல்லூரிக்கே அனுப்பினார். சிவன் கணிதம் பயின்றார். பின்னர் தந்தையே மனம் மாறி, நிலத்தை விற்று அவரைப் பொறியியல் படிக்க வைத்தார். 1980-இல் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பட்டம் பெற்ற சிவன், 2018 முதல் 2022 வரை இஸ்ரோவின் தலைவராக விளங்கினார்.

'மறுத்தும் மகன் உயர்ந்தாரே' என்று நம் மறுப்புக்கு இதைச் சான்றாக்குதல் தகாது. மறுக்கப்பட்டு, விற்பதற்கு நிலமும் இன்றி நின்றுவிட்டோரின் கதையை எவரும் எழுதுவதில்லை. அத்தந்தை பின்னாளில் மகனுக்குச் செவிசாய்த்தாரே, அதுவே நாம் போற்றத்தக்கது.

அச்செவியை முன்னரே சாய்க்கத் துணைசெய்வதுதான் வழிகாட்டுதல். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்', 'கல்லூரிக் கனவு' ஆகியவை படிப்புகளைப் பற்றிய செய்திகளைத் தருகின்றன. செய்தி தேவையே, செய்தி மட்டுமே தெளிவாகிவிடாது. நல்ல ஆலோசகர், 'இதைப் படி' என்று முடிவுகட்டுவதில்லை. எதில் ஈடுபாடு, எதில் அச்சம், குடும்பத்தால் எவ்வளவு இயலும் என வினவி, மாணவரே விடை காணும்வரை பொறுத்திருப்பார்.

பதினேழு வயதில் தயங்குவது குற்றமன்று. தயங்குபவரைத் தள்ளிவிடுவதே குற்றம். நம் பிள்ளைகள் நமது நிறைவேறாத ஆசைகளுக்கு வாரிசுகள் அல்லர்.