குதிரைக்குப் பொறுப்பு யார்?

இலங்கையின் நெடுந்தீவில் உள்ள கட்டாக்காலிக் குதிரைகள் ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் வளர்க்கப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். பழைய லாயங்களின் இடிபாடுகள் அங்கே இன்றும் உள்ளன. தேவை முடிந்ததும் குதிரைகள் கைவிடப்பட்டன. கடும் வறட்சியில் தண்ணீரின்றிப் பல மடிந்தன. 2015இல் அவற்றின் வாழிடம் தேசியப் பூங்காவாக்கப்பட்டது.

அவற்றைக் கைவிட்டவரின் பொறுப்பு என்ன? சைவ சித்தாந்தத்தில் விலங்கும் வினைக்கேற்ப உடலெடுத்த ஓர் ஆன்மா. ஆகவே அதனிடம் வேலை வாங்கியவரின் கடன், வேலையோடு முடிவதில்லை.

குதிரையேற்றப் போட்டிக்கும் இதுவே அளவுகோல். வீரர் விரும்பிக் களமிறங்குகிறார். குதிரைக்கு அந்தத் தெரிவு இல்லை. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் நவீன ஐந்திறப் போட்டியில் குதிரையைக் கையால் குத்திய பயிற்சியாளர் விலக்கப்பட்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பின் அப்போட்டியிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டது. தண்டனை நடந்த தவறுக்கானது; அறமோ தவறு நேராமல் காப்பதையும், ஓய்வுபெற்ற குதிரையைப் பேணுவதையும் சேர்த்தே கேட்கிறது.