கொய்த மலரும் பேணுதலின் பொருளும்

செடியிலிருந்து கொய்யப்பட்ட மலர் அக்கணமே உயிரற்ற பொருளாகிவிடுவதில்லை. வேரின் நீரும் இலையின் உணவும் நின்றுபோன பின்னும், தன்னுள் எஞ்சியிருக்கும் சர்க்கரையைச் செலவிட்டுச் சுவாசித்துக்கொண்டும், நீரை ஆவியாக இழந்துகொண்டும், மொட்டாயின் விரிய முயன்றுகொண்டும் அது இருக்கிறது. ஆகவே வீட்டில் பூவைப் பேணுவோர் முன் எழும் கேள்வி, வாட்டத்தை எவ்வாறு தடுப்பது என்பதன்று. வாடுவது உறுதியாகிவிட்ட ஓர் உயிருக்குச் செய்யத்தக்க பணிவிடை யாது என்பதே.

ஓசூர்ப் பகுதியில் விளையும் ரோஜாவைப் போன்ற தண்டுள்ள மலர்களை எடுத்துக்கொண்டால், தண்டை வெட்டியவுடன், நீரை மேலேற்றும் நுண்குழாய்த் தொகுதியாகிய சைலத்தினுள் காற்றுக் குமிழ்கள் புகுந்து நீரோட்டத்தை அறுக்கின்றன. பூச்சாடி நீரில் பெருகும் பாக்டீரியாக்களும் அதே குழாய்களை அடைக்கின்றன. தண்டின் அடியை நீருக்குள் வைத்தே சிறிது நறுக்குதல், நீரில் மூழ்கும் இலைகளைக் களைதல், சாடியைக் கழுவி நீரை மாற்றுதல் ஆகிய மூன்றும் மலருக்குப் புதிதாக எதையும் வழங்குவதில்லை. அதன் வழியில் நிற்கும் தடைகளை மட்டுமே நீக்குகின்றன. பரிவு மிகுந்து நீரில் சர்க்கரையை மட்டும் கரைத்து வைப்பவரோ, மலருக்கு ஊட்டுவதாக எண்ணிப் பாக்டீரியாக்களுக்கும் சேர்த்தே ஊட்டுகிறார். நீரைப் புளிப்பாக்கும் அமிலமும் கிருமித்தடையும் உடன் இருந்தால்தான் அச்சர்க்கரை பயன் தரும்.

கனியும் பழங்கள் வெளிவிடும் எத்திலீன் என்னும் வாயுவும் மலரின் மூப்பை விரைவுபடுத்தும். விளக்கெரிக்கப் பயன்பட்ட வாயுவில் கலந்திருந்து பட்டாணி நாற்றுகளை உருத்திரியச் செய்தது எத்திலீனே என்று 1901-இல் ரஷ்ய அறிஞர் திமித்ரி நெல்யூபோவ் காட்டினார்; ஆப்பிள் கனிகள் தாமே அதை உண்டாக்குகின்றன என்பதை 1934-இல் ரிச்சர்ட் கேன் நிறுவினார். கார்னேஷன் மலர்ச் சாடியை வாழைப்பழச் சீப்பின் அருகே வைக்கலாகாது என்பதற்குக் காரணம் இதுவே.

எனினும், நாள்களை நீட்டுவதே பேணுதல் என்னும் அளவுகோல் மல்லிகையிடம் செல்லுபடியாவதில்லை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி காலையில் மொட்டாகவே பறிக்கப்பட்டு, மாலையில் விரியும்போதுதான் தன் மணத்தை முழுமையாகப் பரப்புகிறது. தொடுத்த சரத்தை வாழையிலையில் பொதிந்தோ ஈரத்துணியில் சுற்றியோ வைப்பது நீரிழப்பைக் குறைத்து, மொட்டு நலிவின்றி விரியத் துணைசெய்கிறது. குளிர்சாதனப் பெட்டி அவ்விரிதலைத் தள்ளிப்போடுகிறது. பண்டிகைக்கு முந்தின நாள் வாங்கிய பூவுக்கு அது வேண்டியதே ஆயினும், உரிய பொழுதுக்கு அப்பாலும் அங்கேயே கிடக்கும் மொட்டு காக்கப்பட்டதாகத் தோன்றினாலும், எதற்காகக் காக்கப்பட்டதோ அதை இழந்துவிடுகிறது.

ரோஜாவையும் மல்லிகையையும் ஒருங்கே நோக்கினால், ஓர் உயிரிடம் எஞ்சியிருக்கும் செயலை அறிந்து, அது நிறைவேறுமாறு தடைகளை விலக்குவதே பேணுதலின் பொருள் என்பதும், கால நீட்டிப்பு அதற்கு ஒரு வழியேயன்றி இலக்காகாது என்பதும் விளங்கும். இம்முடிவை முதியோருக்கும் தீராப் பிணியுற்றோருக்கும் செய்யும் பணிவிடைக்கு அப்படியே பொருத்தலாமோ எனின், ஒரு வேறுபாட்டைக் கருதியே பொருத்த வேண்டும். மலர் தன் விருப்பத்தைச் சொல்லாது. எனவே அதன் இயல்பை ஆராய்ந்து நடப்பதே அதைப் பேணுவோரின் கடமை. மனிதர் பலர் தமக்கு எஞ்சியிருக்கும் விருப்பத்தைக் கடைசிவரையும் சொல்லக்கூடியவர்கள். ஆதலால் அவர்களைக் கேளாமலே அவர்களுக்காகச் செய்யப்படும் பணிவிடை, எத்துணை அன்பினால் செய்யப்பட்டதாயினும், பாதிப் பணிவிடையே ஆகும்.